பல்கலைக்கழக ஸ்டேஷனில் அக்கா

டெல்லியில் எம்.ஏ. படித்த இரண்டு வருடங்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம் நூலகம் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. உண்மையில் அது பூமிக்கடியில் இருந்த மெட்ரோ ஸ்டேஷன். பல்கலைக்கழகத்துக்காகவே போட்ட ஸ்டேஷன் அது. அந்த வருடங்களில் ரயில் அதற்கு மேல் போகாது. வண்டி வந்து நின்றதும் உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் இறங்குவார்கள், பெரும்பாலும் எங்களைப் போன்ற மாணவர்கள். மேலே ரோட்டில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் கூவிக்கொண்டிருப்பார்கள், புழுதி பறக்கும். நகரும் படிக்கட்டில் கீழே இறங்கிவிட்டால் அந்தச் சத்தமெல்லாம் அடங்கிவிடும். கோடைக்காலத்தில் ஏசிக்காகவே வந்து, டிக்கெட் வாசலுக்கு வெளியே இருந்த அகலமான படிகளில் உட்கார்ந்து அரட்டை அடிப்போம். காவலர் வந்து எழுப்பினால் எழுந்திருப்போம். அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி உட்காருவோம்.

எனக்கு அந்த இடம் பிடித்ததற்கு ஏசி மட்டும் காரணமில்லை. அங்கே வரிசையில் நிற்கிறவர்களில் யார் எந்த வீட்டுப் பெண் என்று ஒருவருக்கும் தெரியாது. நான் பிறந்து வளர்ந்த திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. தெருவில் கால் வைத்தால் போதும், இன்னார் மகள், இன்ன கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவளின் தங்கச்சி என்று பத்துப் பேர் சொல்லிவிடுவார்கள். டெல்லிக்கு நான் படிக்கத்தான் போனேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாதிதான் அது சரி.

செக்கிங் பார்க்கிறவள் என் அக்கா. என்னைவிட ஏழு வயது பெரியவள். ஒன்பதாவதோடு நின்று பனியன் கம்பெனிக்குப் போனவள். அப்பா சோமனூர்ப் பக்கம் தறிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சுத் தொந்தரவு வந்த வருடம் அது. இருவரில் ஒருத்திதான் படிக்க முடியும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்கா ஒரு திங்கட்கிழமை புத்தகப் பையை எனக்குக் கொடுத்துவிட்டு டிபன் பாக்ஸோடு கிளம்பினாள், அவ்வளவுதான். முதலில் பிசிறு வெட்டினாள். தைத்து வரும் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் துண்டுகளை டிரிம்மர் என்கிற சின்னக் கத்தரியால் நறுக்குகிற வேலை. பிறகு செக்கிங் மேஜைக்குப் போனாள். டியூப்லைட் வெளிச்சத்தில் பீஸை விரித்து, முன்பக்கம், பின்பக்கம், தையல், மடிப்பு என்று விரலாலேயே பார்த்து, ஓட்டை இருந்தாலும் எண்ணெய்க் கறை இருந்தாலும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். பார்க்காமல் விட்டால் வைவார்கள். அக்கா வசவு வாங்கியதே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இந்த வேலை அவள் உடம்பில் ஏறிவிட்டது. பஸ்ஸில் முன்னால் நிற்கிறவர் முகத்தை அவள் பார்க்க மாட்டாள், அவர் சட்டையின் தையலைத்தான் பார்ப்பாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால், "பேண்ட்டுல அடித்தையலு கோணலா இருக்குது" என்பாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஊரில் இருக்கிறவரை எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

இனி என் பொய். டெல்லிக்குப் போன முதல் வாரம், அதே படிகளில் உட்கார்ந்திருந்தபோது உடன் படித்த பெண் ஒருத்தி எந்த ஊர் என்று கேட்டாள். டெல்லிக்காரி. அவளுடைய மாமாவுக்கு ரெடிமேட் கடை இருந்ததால் திருப்பூர் என்ற பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது. "ஓ, அப்படியானால் உங்கள் வீட்டில் எக்ஸ்போர்ட்டா?" என்றாள். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் அந்த ஒரு நொடியில், "ஆமாம், சின்ன யூனிட்தான், எண்பது மெஷின்" என்றேன். கேட்காத கேள்விக்கு மெஷின் எண்ணிக்கை வரை பதில் சொன்ன என் வாயை இப்போது நினைத்தாலும் அறையத் தோன்றுகிறது.

பொய்க்குத் துணையாக அக்காவே சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் டேமேஜ் என்று ஒதுக்கியதை வேலை செய்கிறவர்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். அக்கா அந்தக் குவியலில் மணிக்கணக்காகக் கிளறி, குறை கண்ணுக்குத் தெரியாததாகப் பொறுக்கி, ஓட்டையை அடைத்து, பிசிறு வெட்டி, துவைத்து மடித்து எனக்குப் பார்சல் போடுவாள். நான் அதை, "எங்கள் யூனிட் சாம்பிள்" என்று சிநேகிதிகளுக்குக் கொடுத்தேன். டெல்லிக்காரிக்கு அரக்கு நிறத்தில் ஒரு டி-ஷர்ட் கொடுத்தேன். அவள் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள். அக்கா எனக்கென்று எடுத்து வைத்தது அது.

இரண்டாம் வருடம் தீபாவளிக்கு நான் ஊருக்குப் போகவில்லை. லீவு போதாது என்றேன். தீபாவளிக்கு எங்கள் ஊரில் பனியன் கம்பெனிகள் பத்து நாளைக்கு மேல் மூடிக்கிடக்கும். ஊரே காலியாகிவிடும், தெற்கத்தி ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்த லீவில் அக்கா போனில் சொன்னாள்: "அம்மணி, நானே உன்னப் பாக்க வர்றன். நீ சொன்னயே, மண்ணுக்கடியில ரயிலு போகுதுன்னு. அதயும் பாத்த மாதிரி இருக்கும்." குளிர் தாங்க மாட்டாய், ரயிலில் டிக்கெட் கிடைக்காது, பரீட்சை வருகிறது என்று என்னென்னவோ சொன்னேன். அவள் ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தாள்.

தீபாவளி முடிந்த நான்காம் நாள் காலை வந்து இறங்கினாள். இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்து வந்தவள், இறங்குவதற்கு முன் தீபாவளிச் சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். பளீரென்ற ஆரஞ்சு நிறம். கையில் ஜவுளிக்கடைப் பெயர் போட்ட இரண்டு கட்டைப்பைகள், ஒன்றில் முறுக்கு டின். ஸ்வெட்டர் கிடையாது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து எனக்கும் ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த கணமே, இந்தச் சேலையோடு இவளை எந்த வழியாகக் கூட்டிப்போவது என்று யோசித்தேன்.

ரயில் நிலையத்திலிருந்தே மெட்ரோ ஏறினோம். பெண்களைச் சோதிக்கிற திரைக்குள் அக்காவின் கைப்பையிலிருந்து டிரிம்மர் வந்தது. லீவு நாளிலும் அது அவள் பையில் இருக்கும். உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று காவலர் சொல்ல, நான் கோபமாக, "போட்டுத் தொலை அக்கா" என்றேன். அவள் அதைப் பார்த்துப் பார்த்துக் கூடையில் போட்டாள். நகரும் படிக்கட்டில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ரயில் சுரங்கத்துக்குள் ஓடத் தொடங்கியதும் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தாள். இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது.

"இப்ப நம்ம தல மேல பஸ்ஸு, காரெல்லாம் ஓடுதா?"

"ஆமா. மெதுவாப் பேசுக்கா."

"இத்தன பேரு நிக்கறாங்க, ஒருத்தரும் ஒருத்தரோட பேச மாட்டீங்கறாங்களே."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பத்தரை. சிநேகிதிகள் வகுப்பில் இருக்கிற நேரம், படிகளில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அழைத்து வந்தேன். என் கணக்கு எப்போதும் போலத் தப்பியது. அன்று வகுப்பு நடக்கவில்லை. டிக்கெட் வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் படியில் டெல்லிக்காரியும் இன்னொருத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். டெல்லிக்காரி அரக்கு டி-ஷர்ட்டைப் போட்டிருந்தாள்.

கையை மட்டும் ஆட்டிவிட்டு நழுவப் பார்த்தேன். அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், எழுந்தும் வந்தாள். அக்கா கட்டைப்பைகளைக் கீழே வைத்தாள். வழக்கம்போல டெல்லிக்காரியின் முகத்தைப் பார்க்கவில்லை. டி-ஷர்ட்டைப் பார்த்தாள். குனிந்து அதன் அடிமடிப்பைப் பிடித்துப் புரட்டினாள்.

"இது நான் உனக்கனுப்புன பீஸுதான அம்மணி?" என்றாள் என்னிடம். அதற்குள் அவள் விரலில் ஒரு நூல் தட்டுப்பட்டுவிட்டது. ஓர் அங்குல நீளம் இருக்கும். "ஐயோ, பிசிறு நிக்குது பாரு. என்ற கண்ணுக்கு எப்படித் தப்புச்சோ தெரீல."

நூலை இழுக்கக் கூடாது, இழுத்தால் தையல் ஓடிவிடும். ஒட்ட நறுக்க வேண்டும். நறுக்க டிரிம்மர் இல்லை. அதைத்தான் நான் போடச் சொல்லிவிட்டேனே. அக்கா ஸ்டேஷன் நடுவில், பார்த்துப் பழகாத ஒரு பெண்ணின் இடுப்பருகே குனிந்து, அந்த நூலைப் பல்லால் கடித்தாள். கடித்து, துண்டை விரலில் சுருட்டி, மடிப்பை இரண்டு தடவை நீவிவிட்டு நிமிர்ந்தாள். வேலை சுத்தமாக முடிந்த திருப்தி அவள் முகத்தில் இருந்தது.

டெல்லிக்காரி பின்னால் நகர்ந்து, திகைத்து, பிறகு சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பு அல்ல. நல்ல பெண் அவள். அவளைக் குற்றம் சொல்லி நான் தப்பிக்க முடியாது. "இந்த ஆன்ட்டி யார்?" என்று இந்தியில் கேட்டாள். அக்காவுக்கு அப்போது முப்பது வயது.

அக்காவுக்குத் தமிழைத் தவிர ஒரு மொழியும் தெரியாது என்ற தைரியத்தில், நானும் இந்தியிலேயே சொன்னேன். "எங்கள் யூனிட்டில் செக்கிங் வேலை செய்கிறவள். அப்பா எனக்குப் பலகாரம் கொடுத்தனுப்பியிருக்கிறார். பழக்கதோஷம், எதைப் பார்த்தாலும் இப்படித்தான். மனதில் வைத்துக்கொள்ளாதே."

தயங்கவில்லை. நாக்குக் குழறவில்லை. நான்கு வாக்கியமும் தண்ணீர் போல வந்தன. இன்னொருத்தி, "உங்களிடம் எவ்வளவு பேர் வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டாள். அதற்கும் ஒரு எண் சொன்னேன்.

அக்கா எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தது போல இருந்தது. பிறகு சிரித்தாள். குனிந்து கட்டைப்பைகளை எடுத்துக்கொண்டாள். என் தோளில் இருந்த புத்தகப் பையையும் கேட்டு வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். மேலே போகும்போது என்னோடு சேர்ந்து வராமல் இரண்டு படி பின்னால் வந்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். நல்லவேளை என்றும் நினைத்தேன்.

வெளியே டீக்கடையில் பெஞ்சு இருந்தது. நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். நான்காவதாக ஒருவர் உட்காரத் தாராளமாக இடம் இருந்தது. அக்கா பைகளோடு நின்றாள். "உட்காரு" என்ற ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. டெல்லிக்காரிதான் எழுந்து போய் ஒரு டீ வாங்கி அவள் கையில் கொடுத்தாள். அக்கா இரண்டு கையாலும் வாங்கி, திரும்பி நின்று குடித்தாள். கம்பெனியில் முதலாளி வீட்டார் வந்தால் வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் திரும்பி நின்று குடிப்பார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் என் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை.

"பாவம், குளிருக்கு ஒன்றும் போடாமல் வந்திருக்கிறாளே. என்னிடம் பழைய ஸ்வெட்டர் ஒன்று இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன்" என்றாள் டெல்லிக்காரி. கொண்டும் வந்தாள். அக்கா அதையும் இரண்டு கையால் வாங்கி அப்போதே போட்டுக்கொண்டாள்.

மூன்று நாள் இருந்தாள். ஹாஸ்டலில் விருந்தாளி அறையில் தங்க வைத்தேன். என் வகுப்பறையைப் பார்க்க வேண்டும் என்றாள். யாரும் இல்லாத சாயங்காலமாகப் பார்த்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். நான் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். "நல்லாப் படி சாமி" என்றாள். கிளம்புகிற அன்று, டெல்லி ரயில் நிலையம் வரை நான் வருகிறேன் என்றதற்கு, "நீ ஏன் அலயற, உன்ற சிநேகிதிக பாத்தா ரண்டு வார்த்த பேசோணும், நேரமாயிரும். என்னைய இந்த மண்ணுக்கடி ரயில்ல ஏத்தி உட்டுட்டு நீ போ" என்றாள். அதை அவள் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை மறக்க முடியவில்லை. மறக்கவும் கூடாது.

அடுத்த மே மாதம் படிப்பு முடிந்து ஊருக்கு வந்தேன். ஒரு நாள் மத்தியானம் வீடு பூட்டியிருந்தது. அம்மா ஒரு சாவுக்குப் போயிருந்தாள். சாவி அக்காவிடம். வாங்குவதற்காகக் கம்பெனிக்குப் போனேன். வாட்ச்மேன், "செக்கிங்ல இருக்குதுங்க, உள்ள போங்கம்மணி" என்று விட்டார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது போனது. அதற்குப் பிறகு நான் அந்த வாசலை மிதிக்கவே இல்லை.

பவர் டேபிள் தையல் மெஷின்களின் இரைச்சலைத் தாண்டிக் கடைசியில் செக்கிங் மேஜை. மேஜையைச் சுற்றி அக்காவோடு நான்கைந்து பெண்கள். மூன்று பேர் ஒரிசாவிலிருந்து வந்தவர்கள். அக்கா தலை நிமிராமல் பீஸைத் திருப்பிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். இன்னும் இருநூறு பீஸ் பாக்கி, மூன்று மணிக்குள் பேக்கிங் போக வேண்டும், உன் ஊர்க் கதையை அப்புறம் சொல்லு என்று ஒருத்தியை அதட்டினாள். இந்தியில். அந்தப் பெண் ஏதோ பதிலுக்குச் சொல்ல, அக்கா வாய்விட்டுச் சிரித்து அதற்கும் இந்தியிலேயே ஒன்று சொன்னாள். என்னுடையது புத்தக இந்தி. அவளுடையது மேஜையைச் சுற்றிப் பேசிப் பழகிய இந்தி, என்னுடையதைவிட வேகம்.

நான் தூணோரம் நின்றுவிட்டேன். அந்தப் பெண்கள் வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது என்று எனக்குத் தெரியும். அக்காவே போனில் சொல்லியிருக்கிறாள். பிறகு ஒவ்வொன்றாக என் தலையில் இறங்கியது. அவள் பையை வாங்கி மாட்டிக்கொண்டது. இரண்டு படி பின்னால் வந்தது. திரும்பி நின்று டீ குடித்தது. ரயிலில் இரண்டு நாள் வடநாட்டுக்காரர்களோடு வந்தவள் டெல்லியில் ஒரு ரிக்‌ஷாக்காரரிடம்கூட ஒரு இந்தி வார்த்தை பேசாமல் மூன்று நாளும் இருந்தது.

ஒரிசாப் பெண்களில் சின்னவள் என்னைப் பார்த்துவிட்டாள். "தீதீ, டெல்லித் தங்கையா?" என்று இந்தியில் கத்தினாள். தீதீ என்றால் அக்கா. அக்கா நிமிர்ந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சாவியா? இரு, பையில இருக்குது" என்றாள்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களால் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? டெல்லிக்குப் போகிறதுக்கு ஒரு மாதம் முன்பிருந்து தீதீ எங்களை விடவில்லை. உங்கள் சிநேகிதிகளிடம் சொல்ல வேண்டுமாம். மை இஸ்கீ படீ பெஹன் ஹூம், நான் இவளுடைய அக்கா. இந்த ஒரு வரியைச் சாப்பாட்டு நேரத்தில்கூட உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். எங்களிடம் சரளமாகப் பேசுகிறவள்தான், ஆனால் படித்தவர்கள் முன்னால் தப்பு வந்துவிடக் கூடாது என்று பயம். தங்கைக்குக்கூட முன்னாடியே சொல்ல மாட்டேன், அவளும் அசந்துபோகட்டும் என்றாள்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கைப்பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"தப்பில்லாமல் சொன்னாளாமே. உங்கள் சிநேகிதிகள் எல்லோரும் கைதட்டினார்களாமே. தீதீயை நடுவில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்களாமே. வந்ததும் எங்களுக்கு எல்லாம் சொன்னாள்."

என் அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். ஓட்டையை ஓட்டை என்றும் கறையைக் கறை என்றும் ஸ்டிக்கர் ஒட்டியே பழகியவள். அவள் இவர்களிடம் பொய் சொல்லியிருக்கிறாள். நான் என்ன செய்தேன் என்று இந்த மேஜைக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, எனக்காகச் சொல்லியிருக்கிறாள். அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"நிஜம்தானே?" என்றாள் அந்தப் பெண். எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"யே மேரீ படீ பெஹன் ஹை" என்றேன். இவள் என் அக்கா என்று.

பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தி கைதட்டினாள். அது தெரியாதவர்கள் அந்த மேஜையில் யாரும் இல்லை. அங்கே அதைச் சொல்ல எனக்கு ஒரு தைரியமும் தேவைப்படவில்லை. அக்கா சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு, "செரி, போ அம்மணி, இவளுக கைய நிறுத்தீட்டாங்க" என்று அடுத்த பீஸை எடுத்து விரித்தாள்.